நூல் ஓடும் சந்து

சிரி. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சிரித்துவிடு, தாயே. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

முன்பின் பேசியறியாத ஒரு பெண்ணின் உதட்டைப் பார்த்து மனசுக்குள் இப்படிக் கெஞ்சிக்கொண்டு நின்றாள் பல்காரி. கையில் எடுத்த நூல்குருவியை வாங்குவதாகவும் இல்லை, கீழே வைப்பதாகவும் இல்லை. அதைத் தலைகீழாகத் திருப்புவதும், வாலைத் தடவுவதும், மேசைக்கு அந்தப் பக்கம் ஓரக்கண்ணால் பார்ப்பதுமாக இருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இதையெல்லாம் கவனிக்கவில்லை. மெல்லிய கம்பியை வளைத்துக் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு எலும்புக்கூடு செய்து, அதன்மேல் சாயநூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இடது கை கம்பியைத் திருப்பியது. வலது கை நூலை வழிநடத்தியது. நூல் மேசையில் கிடந்த உருண்டையிலிருந்து கிளம்பி, மூடிய உதடுகளுக்குள் புகுந்து, வெளியே வந்து, அதன் பிறகுதான் விரலுக்கு வந்தது. யாராவது விலை கேட்டால் தலையசைப்பாள், அல்லது எழுதி வைத்த அட்டையைக் காட்டுவாள். வாய்க்கு வேலை இருந்ததால் பேச்சுக்கு விடுமுறை.

ஏரிக்கரைப் பூங்காவில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, துணிப்பந்தல் இழுத்து, ஆளுக்கொரு மேசை போட்டிருந்தார்கள். கைவினைக் கண்காட்சி. நாத்தனார் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கணவன் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாய் ஓயாத நாத்தனார் வானொலி. பல் செய்யும் கூடத்தில் வேலை என்பதால் வீட்டுக்கு வந்த மருமகள் பல்காரி. கல்யாணமான புதிதில் அந்தப் பெயர் உறுத்தியது. இப்போது யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தாமதமாகிறது.

காலையிலிருந்தே அந்த இடம் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. எந்த மேசைக்குப் போனாலும் "கையால செஞ்சது, பாருங்க" என்றார்கள். மண்கோப்பை விற்றவள் ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் தன் விரல்தடம் ஒன்றை அழிக்காமல் விட்டிருந்தாள். தோல்பை தைத்தவன் கோணலாகப் போன தையலைச் சுட்டிக்காட்டி, "இது மெஷின்ல வராது" என்று பெருமைப்பட்டான். கோணலில் என்ன பெருமை என்று முதலில் தோன்றியது. பிறகு, தன்னுடைய விரல்தடம் எங்காவது யாருடைய பொருளிலாவது இருக்கிறதா என்று யோசித்தாள். இல்லை. இருக்கவும் கூடாது. அவள் வேலையில் கை தெரிந்தால் பொருள் கெட்டது என்று அர்த்தம். பீங்கான் மாவைக் குழைத்து, தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, சூளையில் சுட்டு எடுக்கும் பல்லைப் பார்த்து யாராவது "நல்லா செஞ்சிருக்காங்களே" என்று சொன்னால், அது நன்றாகச் செய்யப்படாத பல்.

கூடத்துக்கு ஆட்கள் வருவதில்லை. வாய்கள்தான் வரும். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் மாவு ஊற்றி இறுகவைத்தால், மேசைமேல் ஒரு வெள்ளை வாய் உட்கார்ந்திருக்கும். அது யாருடையது, கோபக்காரருடையதா, பாடுகிறவருடையதா என்பதெல்லாம் தெரியாது. செய்த பல் ஒரு சின்ன டப்பாவில் போகும். குறை இருந்தால் திரும்பி வரும். சரியாக இருந்தால் ஒரு சேதியும் வராது. இத்தனை வருஷத்தில் தான் செய்த ஒரு பல்லைக்கூட அவள் உயிருள்ள வாயில் பார்த்ததில்லை.

சற்று முன்னால்தான் அது நடந்தது. நூல்காரி பக்கத்து மேசையைப் பார்த்து, "கத்திரிக்கோல் எங்கேய்யா வச்சே?" என்று கத்தினாள். ஒரு கணம்தான். மேல்வரிசையில், வலப்பக்கம், ஒரு தெத்துப்பல். அதன் நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பல்காரியின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. சொந்தக்காரர்களின் முகங்களை மறப்பாள். அந்தத் தெத்துப்பல்லை மறக்க மாட்டாள். போன வருஷம் அது அவள் மேசைமேல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

அந்த வாய் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முன்பல் இரண்டில் ஒன்று ஒடிந்துபோய், வேர்மேல் மாட்டுவதற்கு ஒரு பல் வேண்டும் என்று வந்தது. இரண்டு முன்பல்லுக்கும் நடுவில் சந்து இருந்திருக்கிறது. அதையும் சேர்த்து அடைத்துவிடச் சொல்லியிருந்தார் மருத்துவர். எல்லோரும் அடைக்கத்தான் சொல்வார்கள். செய்து அனுப்பினாள். திரும்பி வந்தது. "இது என் பல் இல்லைங்கறாங்களாம்" என்றார் கூடத்து முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டு. நிறம்தான் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொண்டு, கழுத்தில் கொஞ்சம் மஞ்சள் கூட்டி, நுனியில் கொஞ்சம் நீலம் சேர்த்து மறுபடி செய்தாள். அதுவும் திரும்பி வந்தது. அதே வாக்கியம்.

அப்போது மருத்துவர் புதிதாக ஒரு அச்சு எடுத்து அனுப்பினார். மாவு இறுகியதும் கையில் எடுத்துப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. நல்ல முன்பல்லின் உட்பக்க ஓரத்தில், மயிரிழை போல ஒரு பள்ளம். முதல் அச்சிலும் அதே இடத்தில் அது இருந்தது. மாவில் விழுந்த கீறல் என்று நினைத்து, அவளே கத்திநுனியால் சுரண்டி வழவழப்பாக்கியிருந்தாள். அச்சில் மாவு ஊற்றுகிற யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இரண்டாம் முறையும் அதே இடத்தில் கீறல் விழுமா? அது மாவில் இல்லை, வாயில் இருந்தது. ஏதோ ஒன்று அந்தச் சந்தில் வருஷக்கணக்கில் போய் வந்து பல்லை அறுத்திருக்கிறது.

என்னது அது? குச்சியா? ஊசியா? யாரிடம் கேட்பது? முதலாளியிடம் கேட்டால், "உனக்கு எதுக்கு? சொன்னதைச் செய்" என்பார். அவள் சொன்னதைச் செய்யவில்லை. மூன்றாவது பல்லில் சந்தை விட்டாள். விட்டதோடு நிற்காமல், நல்ல பல்லில் இருந்த பள்ளத்துக்கு எதிரே, புதுப்பல்லின் ஓரத்திலும் அதேபோல ஒரு இழைப் பள்ளம் வைத்தாள். டப்பாவை ஒட்டி அனுப்பினாள்.

அதன் பிறகு சேதி இல்லை. பொருந்தியதால் சேதி இல்லையா, மருத்துவர் கோபத்தில் தூக்கிப்போட்டுவிட்டு வேறு கூடத்துக்குப் போனதால் சேதி இல்லையா என்பதுதான் தெரியவில்லை. கீரை ஆய்கிறபோதும், பேருந்தில் நிற்கிறபோதும், எப்போதாவது அந்தப் பள்ளம் ஞாபகத்துக்கு வரும். இப்போது, அந்த வாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இறுக மூடிக்கொண்டு.

"இது... முட்டை போடுமா?" என்று குருவியைக் காட்டிக் கேட்டாள் பல்காரி.

நூல்காரி நிமிர்ந்தாள். கண்ணால் மட்டும் சிரித்தாள். தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

பின்னால் வந்து நின்ற வானொலி அசந்துபோனாள். "அண்ணி! நீங்களா ஜோக் அடிச்சீங்க? வீட்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அதுவும் எப்பேர்ப்பட்ட ஜோக்கு! குருவி முட்டை போடாம பின்ன குட்டியா போடும்?"

"மெதுவாப் பேசு."

"என்ன ஆச்சு உங்களுக்கு? அந்தப் பக்கம் கண்ணாடி வளையல், இந்தப் பக்கம் மரப்பெட்டி, ஊரே சுத்திக்கிட்டு இருக்கு. நீங்க ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கறீங்க. அந்தம்மா உங்களைத் திருடின்னு நினைச்சுக்கப் போறாங்க."

வேறு வழியில்லாமல் அவளைக் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். விஷயத்தைச் சொன்னாள். இழைப் பள்ளத்தைச் சொல்லும்போது தன் குரல் கூச்சமில்லாமல் உயர்வதை அவளே கவனித்தாள். வீட்டில் வேலையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. யாரும் கேட்டதில்லை என்று சொல்லலாம். இவளும் சொன்னதில்லை.

வானொலியின் வாய் பிளந்தது. "அப்போ அந்தம்மா வாய்க்குள்ள இருக்கறது நம்ம பல்லா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதான் பார்க்கணும்."

"இதுக்குப் போயா இவ்வளவு பாடு? போய், வாயைத் திறங்கன்னு கேட்டா போச்சு."

"மாட்டுச் சந்தையா இது, பல்லைப் புடிச்சுப் பார்க்க?"

"சரி, சிரிக்க வைக்கணும். அவ்வளவுதானே? அந்த வேலையை என்கிட்ட விடுங்க. நீங்க ஜோக் மட்டும் அடிக்காதீங்க."

திரும்பிப் போனார்கள். பக்கத்து மேசையில் மரக்கரண்டி செதுக்கிக்கொண்டிருந்தவர், செதுக்கி முடித்த ஒரு கரண்டியை வெயிலில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வானொலி அவரைத்தான் முதலில் பிடித்தாள்.

"ஏங்க, இந்தக் கரண்டியால புருஷனை அடிச்சா தாங்குமா?"

"புருஷன் தாங்கணும்மா. கரண்டி தாங்கும்" என்றார் கரண்டிக்காரர்.

"எங்க அண்ணன் தாங்க மாட்டார். இதோ நிக்கறாங்களே, இவங்க வீட்டுக்காரர்தான். பொண்டாட்டி வேலையே பல்லு செய்யறது. ஆனா அவருக்கு, பல் டாக்டர்னு பேரைக் கேட்டாலே காய்ச்சல் வந்துடும். ஒரு தடவை கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் வாயைத் திறங்கன்னார். திறந்தார். மூடுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே மூடிட்டார்."

"அதனால என்ன?"

"டாக்டரோட விரல் உள்ள இருந்துச்சே."

கரண்டிக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஊசி டாக்டருக்குத்தான் போட்டாங்க."

நூல்காரியால் அதற்குமேல் முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு தலை பின்னால் சாய்ந்தது. வாய் அகலத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பல்காரி எட்டிப் பார்த்தாள்.

சந்து இருந்தது. சிரிப்பில் வாய் திறந்தும் நூல் விழவில்லை. இரண்டு முன்பல்லுக்கும் நடுவே, இரண்டு பள்ளத்திலும் பொருந்தி, சிவப்பாக, விறைப்பாக நின்றது.

நூல்! குச்சியுமில்லை, ஊசியுமில்லை. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கியதுபோல் இருந்தது. உடனே, இதை இந்தப் பெண்ணின் வாயாலேயே கேட்க வேண்டும் என்ற ஆசையும் வந்தது.

"நூலை ஏன் பல்லுல வச்சிருக்கீங்க?" என்றாள்.

நூல்காரி சந்திலிருந்து நூலை உருவி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மூணு கை, அக்கா. ஒண்ணு கம்பிக்கு, ஒண்ணு சுத்தறதுக்கு. நூலை இழுத்துப் புடிக்க ஒரு ஆள் வேணுமில்ல? இறுக்கம் கொஞ்சம் விட்டாலும் குருவி தொளதொளன்னு ஆயிடும். அதுக்குத்தான் இந்தச் சந்து. சின்ன வயசுல, ஓட்டைப் பல்லு, எவன் கட்டுவான்னு வீட்ல அழுதாங்க. இப்போ இதுதான் எனக்குச் சோறு போடுது."

"பல்லு தேயாதா?"

"தேயட்டுமே. பல்லு தேயத்தானே இருக்கு?"

பீங்கான் உடனே தேயாது, ஆனால் மேல்பூச்சு சில வருஷத்தில் மங்கும் என்று பல்காரியின் நாக்குநுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஆனா நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு" என்று நூல்காரி தானாகவே தொடர்ந்தாள். பேச ஆரம்பித்தால் வானொலிக்குக் குறைந்தவள் இல்லை போலிருந்தது. "மாடிப்படில விழுந்து ஒரு பல்லு ஒடிஞ்சுபோச்சு. டாக்டர் புதுசு வச்சார். பார்த்தா, சந்தைக் காணோம்! முத்துமாதிரி இருக்கும்மா, கண்ணாடில பாருங்கங்கறார். எனக்கு முத்து எதுக்கு? நூலை எங்கே வைக்கிறது? இது என் பல்லு இல்லைன்னேன். அவர் நிறத்தை மாத்தி இன்னொண்ணு வச்சார். அதுலயும் சந்து இல்லை. சந்து வேணும்னு வாய்விட்டுக் கேக்க எனக்கு வெக்கம். உலகமே அடைக்கச் சொல்லும்போது, ஓட்டை வேணும்னு யார் போய்க் கேப்பா? அந்த நேரத்துல செஞ்ச குருவி எல்லாம் பாவம், காய்ச்சல்ல படுத்த மாதிரி இருக்கும். ஒண்ணைக்கூட விக்கலை."

"செத்த குருவின்னு நான் பேர் வச்சேன்" என்றார் கரண்டிக்காரர்.

"நீ வைக்க மாட்டே? மூணாவது தடவைதான் டாக்டருக்குப் புத்தி வந்துச்சு. நான் ஒண்ணுமே சொல்லலை. அவரா சந்து விட்டு வச்சார். நூல் ஓடற தடம்கூட இருக்கு, நாக்கை வச்சா தெரியும். கெட்டிக்காரர்!"

"டாக்டரா?" வானொலி துள்ளினாள். "டாக்டர் எங்கே செஞ்சார்? அது வந்து..."

பல்காரி அவள் முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளினாள். வானொலி அலறாமல் அலறினாள்.

டாக்டருக்குப் புத்தி வந்துச்சு. அந்தச் சொல் தன்னை எங்கே குத்தும் என்று தனக்குள் தொட்டுப் பார்த்தாள் பல்காரி. குத்தத்தான் செய்தது. ஆனால் நினைத்த இடத்தில் இல்லை. பேர் மருத்துவருக்குப் போனதில் அவ்வளவு வருத்தமில்லை. நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறும் என்று பார்க்கத்தான் மனசு அடித்துக்கொண்டது. கட்டிப்பிடிப்பாளா? ஒரு குருவியைக் கையில் திணிப்பாளா? விரல்தடம் விட்ட கோப்பைக்காரி இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை அனுபவிக்கிறாள்! ஒரே ஒரு முறை ருசித்துப் பார்த்தால் என்ன?

இதற்குள் நூல்காரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "வாங்க, ஒரு ஆட்டம் ஆடலாம். வர்றவங்க எல்லார்கிட்டயும் ஆடறதுதான். இந்த ரெண்டுல எது பொய்ப்பல்லுன்னு சரியாச் சொன்னா ஒரு குருவி சும்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் தைரியமாச் சொல்லலை. சொன்னவங்களும் பாதிப்பேர் தப்பு, மீதிப்பேர் குருட்டாம்போக்கு. எனக்கே சில நாள் மறந்துபோகும்னா பார்த்துக்கங்களேன்."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, பந்தலின் நிழலை விட்டு வெயிலுக்கு வந்தாள். இடுப்பில் கை வைத்து, முகத்தை உயர்த்தி, இரண்டு பல்லையும் காட்டி நின்றாள். போகிறவர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அது!" என்று ஒரு பக்கத்தைக் காட்டினாள் வானொலி.

"குருட்டாம்போக்கு! செல்லாது!" என்றார் கரண்டிக்காரர் சந்தோஷமாக.

பல்காரி பார்த்தாள். உயிருள்ள வாயில், ஈரத்தில், மூச்சுக்கு நடுவில் அவள் பல் நின்றது. கழுத்தின் மஞ்சளும், உள்ளே ஓடும் வெண்புகை போன்ற கோடும், நுனியின் கண்ணாடித்தன்மையும் அவள் வைத்தபடியே இருந்தன. பெற்றவளுக்குப் பள்ளிக்கூட வாசலில் தன் பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரிவது போலத்தான் இருந்தது. இன்னும் கூர்ந்து பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

வெயிலில் அது ஒரு இழை சாம்பலாகத் தெரிந்தது.

பக்கத்துப் பல் வெளிச்சத்தை உள்ளே வாங்கி, இளஞ்சூடான வெண்மையாகத் திருப்பித் தந்தது. அவள் செய்தது வாங்கியதில் கொஞ்சத்தைத் தரவில்லை. கூடத்து விளக்கின் கீழே, மருத்துவர் குறித்தனுப்பிய நிற மாதிரியும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள். வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அன்று அவளுக்குத் தோன்றவில்லை. இந்த வித்தியாசம் வேறு யாருக்கும் தெரியாது. நூல்காரிக்கும் தெரியாது, அவள் கண்ணாடி பார்ப்பது வீட்டுக்குள்ளேதான். ஆனால் ஒரு தடவை இதுதான் என்று விரல் நீட்டிவிட்டால், எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று கேட்பாள். சொல்ல வேண்டிவரும். சொன்ன பிறகு அது தெரியும். ஒவ்வொரு காலையிலும் தெரியும். கண்ணாடியை வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பாள். நாக்கு அங்கேயே போகும். மறந்துபோகிற பல்லாக இருப்பது, அதற்குப் பிறகு அவளுக்கு வாய்க்கவே வாய்க்காது.

"என்னக்கா, நீங்க ஒண்ணும் சொல்லலையே?" வாயைக் காட்டியபடியே கேட்டதால் நூல்காரியின் சொற்கள் குழறின. உதட்டை மூடி எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி கேட்டாள். "பல்லு செய்யறவங்கன்னு இவங்க சொன்னாங்களே. உங்களுக்கு ஒரே பார்வைல தெரிஞ்சிருக்குமே. சொல்லுங்க, பார்க்கலாம்."

"சொல்லுங்க அண்ணி" என்று வானொலி இடித்தாள். அவள் கண் பளபளத்தது. அந்த இடியில் எல்லாம் இருந்தது: எது பொய்ப்பல் என்று சொல்லுங்கள், யார் செய்தது என்றும் சொல்லுங்கள், ஒரு நாளாவது நீங்களும் சொல்லுங்கள்.

நின்றவர்கள் காத்திருந்தார்கள். நூல்காரி தயாராக ஒரு குருவியைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாள். நீலத்தில் இறக்கை, இறுகச் சுற்றிய உடம்பு.

"இன்னிக்கு எனக்கு லீவுங்க" என்றாள் பல்காரி. "லீவு நாள்ல நான் யார் பல்லையும் பார்க்கறதில்லை."

"அட, ஒரு ஆட்டத்துக்குத்தானேக்கா?"

"ஆட்டத்துக்கும் இல்லை."

வானொலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பல்காரி அவள் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். கிள்ளவில்லை. வாயெடுத்தவள் அதை அப்படியே மூடிக்கொண்டாள்.